நாஜிகள் உடைத்த கண்ணாடி
ஜெர்மனியில் ஹெர்டார்ஃப் என்று ஒரு சுரங்க ஊர். ஆகஸ்ட் சாண்டர் 1876-ல் அங்கே பிறந்தார். தகப்பனார் சுரங்கத்தில் தச்சர். மகனும் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சுரங்க வேலைக்கே போனார்.

ஒரு நாள் சுரங்கத்தைப் படம் பிடிக்க ஒருவர் வந்தார். அவருக்குக் கூடமாட உதவும்படி பையனுக்கு உத்தரவு. அன்று பிடித்தது போட்டோ ஆசை! உறவினர் ஒருவர் பணம் கொடுத்து உதவ, சொந்தக் காமிரா வந்து சேர்ந்தது.

1910-ல் கொலோன் நகரில் குடியேறினார். தொழில் மந்தம். சைக்கிளில் கிளம்பி வெஸ்டர்வால்ட் கிராமங்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். அக்காலத்து ஸ்டூடியோக்களில் மாளிகையும் பூங்காவும் தீட்டிய திரை தொங்கும். ஏழையும் அதன்முன் ஜமீன்தார்போல் நிற்பான். சாண்டருக்கு அந்த வேஷம் பிடிக்கவில்லை. குடியானவனை அவன் ஊர்ப் பாதையிலேயே நிறுத்தினார். 1928-ல் ஒரு பலகாரக்காரரை அவருடைய சமையற்கட்டிலேயே எடுத்தார். வெள்ளை அங்கி, பெருத்த உடல், கையில் மாவு கலக்கும் பாத்திரம். மந்திரிகூட அப்படி மிடுக்காக நின்றிருக்க மாட்டார்!

விவசாயி, தொழிலாளி, வக்கீல், பிச்சைக்காரர் என்று தம் காலத்து ஜெர்மனி முழுவதையும் படங்களில் சேர்க்க நினைத்தார். முதற்படியாக 1929-ல் 'காலத்தின் முகம்' என்ற புத்தகம் வந்தது. அதில் 60 படங்கள்.

பிறகு ஹிட்லர் வந்தார். ஜெர்மானியர் எல்லோரும் ஒரே வார்ப்பில் வீரர்களாக இருக்க வேண்டும் என்பது நாஜிகளின் கொள்கை. சாண்டர் காட்டியதோ உள்ளதை உள்ளபடி. 1936-ல் புத்தகத்தின் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். எஞ்சிய பிரதிகளைப் பறித்தார்கள்.

அதற்கு முன்பே வீட்டில் இடி விழுந்திருந்தது. மூத்த மகன் எரிக் ஹிட்லரை எதிர்த்த இடதுசாரி. 1934-ல் கைதானார். பத்தாண்டுச் சிறை. சிறைக்குள்ளும் அவர் படம் எடுத்தார். விடுதலைக்குச் சிறிது காலமே இருந்தபோது, 1944-ல், தக்க வைத்தியமின்றி அங்கேயே மாண்டார்.

அதே ஆண்டு குண்டுவீச்சில் ஸ்டூடியோ நாசமாயிற்று. சாண்டர் ஏராளமான நெகட்டிவ்களை முன்கூட்டியே கூக்ஹௌசன் கிராமத்துக்குக் கொண்டுபோயிருந்தார். கொலோன் நிலவறையில் விட்டுவந்தவை குண்டுக்குத் தப்பின. ஆனால் யுத்தம் முடிந்தபின் 1946-ல் தீக்கு இரையாயின. போனவை 25,000-க்குக் குறையாது. எழுபது வயதில் இது எப்பேர்ப்பட்ட அடி!

இருந்தும் மிஞ்சியவற்றை அடுக்கி, பிரதி எடுத்து, தொகுப்பைத் தொடர்ந்தார். நாஜி அதிகாரிகளும் அதில் உண்டு. அவர்களால் துன்புறுத்தப்பட்ட யூதர்களும் உண்டு. எரிக் எடுத்த கைதிகளின் படங்களையும் சேர்த்தார்.

1964-ல், 87-வது வயதில், சாண்டர் காலமானார். 'இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்' என்று அவர் பெயரிட்ட தொகுப்பை, இன்னொரு மகன் குந்தர் 1980-ல் பெரும் புத்தகமாக வெளியிட்டார்.