அலெசாந்திரோ வோல்டா

கதிரொளியாலும் காற்றின் விசையாலும் மின்சாரம் பெறுதல் இந்நாளில் எங்கும் காணும் காட்சியாகும். கதிரவன் மறைந்த பின்னும் காற்று ஓய்ந்த பின்னும் அது பயன்படவேண்டுமாயின், இரசாயன மாற்றத்தின் துணையால் அதனைச் சேமித்தல் வேண்டும். அத்துறைக்கு வழி திறந்தவர் வோல்டா.

இவர் வட இத்தாலியிலுள்ள கோமோ நகரில் 1745 ஆம் ஆண்டில் பிறந்தார். நான்கு வயதுவரை இவர் பேசவில்லை என்பர். உற்றார் இவரை வேறு துறைகளில் ஈடுபடுத்த விரும்பினர்; இவர் உள்ளமோ இயற்கை ஆராய்ச்சியிலேயே தோய்ந்து நின்றது.

1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரியின் கரையோரம் சென்ற வோல்டா, நீரடிச் சேற்றைக் கோலால் கிளறினார். குமிழிகள் எழுந்தன. அவற்றைக் குடுவையிற் பிடித்துத் தீயிட, நீலச் சுடர் தோன்றிற்று. இலைதழைகள் அழுகுவதால் பிறந்த அவ்வாயுவையே பின்னாளில் மீத்தேன் என்றனர். சாண எரிவாயுவில் பெரும்பகுதி இதுவேயாகும்.

1791 இல் பொலோஞா நகரப் பேராசிரியர் கால்வானி வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டார். இரு வேறு உலோகங்கள் தொட்டபோது இறந்த தவளையின் கால் துடித்தது! தவளையின் உடலிலேயே மின்சாரம் உறைகின்றது என்பது அவர் முடிபு. முதலில் அதனைப் போற்றிய வோல்டா, பின்னர் ஐயுற்றார். வெள்ளியையும் வெள்ளீயத்தையும் தம் நாவில் வைத்து ஒன்றோடொன்று இணைத்தார். புளிப்புச் சுவை தோன்றிற்று. ஆகவே மின்சாரம் உலோகங்களிலிருந்தே எழுகின்றது எனத் துணிந்தார். ஐரோப்பிய அறிஞர் இரு பிரிவினராயினர்.

கால்வானி 1798 இல் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின், வோல்டா தம் மின்னடுக்கைப் பற்றி இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். வெள்ளி வட்டும் துத்தநாக வட்டும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். அவ்வளவே! தவளை இன்றியே மின்சாரம் தொடர்ந்து ஓடிற்று. எனினும் கால்வானி கூறியது முற்றும் பொய்யன்று. உயிருடலிலும் மின்சாரம் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அவ்வாண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்போர் மின்னடுக்கினால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தனர். கதிரொளி மின்சாரத்தைக் கொண்டு இன்று ஹைட்ரஜன் எடுப்பதும் அம்முறையின் வளர்ச்சியே.

1801 இல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் வோல்டா இதனைச் செய்துகாட்டிப் பொற்பதக்கம் பெற்றார். உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே மின்சாரத்துக்குப் போதிய காரணம் என்று அவர் கருதினார். உண்மைக் காரணம் வேறு. துத்தநாகம் கரையும்போது எலெக்ட்ரான்களை விடுகின்றது; அவை கம்பி வழியே மற்ற உலோகத்தைச் சேர்கின்றன. துத்தநாகம் அரிபடுவதைக் கண்டும் வோல்டா அதனைப் பொருட்படுத்தவில்லை. கால்வானி தவளையில் ஏமாந்தார். வோல்டா உலோகத்தில் ஏமாந்தார் எனலாம்.

1827 இல் வோல்டா கோமோவிலேயே காலமானார். மின்னழுத்தத்தின் அலகுக்கு 1881 ஆம் ஆண்டுப் பன்னாட்டு மாநாட்டினர் வோல்ட் என்று அவர் பெயரையே இட்டனர்.