கணக்கு டாக்டர் காங்கிரஸுக்குப் போன கதை

மலருக்குக் கட்டுரை தா என்று சங்கச் செயலாளர் மூன்று மாதமாக விரட்டினார். தொழில் சம்பந்தமாக எழுதினால் நம்மாட்களே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அதனால் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வயலில் இறங்கி, கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்த ஒரு பஞ்சாப்காரரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் தலீப் சிங் சௌந்த்.

1899-ல் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் பெற்று 1920-ல் கப்பலேறினார். பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் தொழிலைப் படித்துவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சீக்கியர்கள் நடத்திய விடுதியில் ஜாகை. கோடை விடுமுறையில் ஆலை வேலை. ஆனால் கணக்கு அவரை விடவில்லை. 1922-ல் எம்.ஏ., 1924-ல் பிஎச்.டி. ஆராய்ச்சி நீள்வட்ட உருளைச் சார்புகள் பற்றி. மாத்தியூ சமன்பாடு என்றால் நம்மில் சிலருக்கு இப்பவும் வயிற்றைக் கலக்கும்!

பட்டம் கையில் இருந்தது, பிரயோஜனம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான், 1923-ல், பகத் சிங் திந்த் என்பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் நிலம் வாங்கக்கூடாது என்பது கலிபோர்னியா சட்டம். ஆக, டாக்டர் சௌந்த் தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரியானார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற பாலைவனம் அது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்துதான் விவசாயமே. பிறகு சொந்தமாகப் பயிர் வைத்தார், நஷ்டம், கடன். 1928-ல் மரியன் கோசா என்ற பெண்ணை மணந்தார். அன்றைய சட்டப்படி இப்படிப்பட்டவரை மணந்தால் மனைவியின் குடியுரிமையும் போய்விடும்! இடையில் 1930-ல், கேத்தரின் மேயோ இந்தியாவை இழிவாக எழுதிய நூலுக்கு மறுப்பாக ஒரு புத்தகமும் எழுதினார்.

ஊருக்குத் திரும்பியிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மனுஷன் திரும்பவில்லை, சட்டத்தை மாற்றக் கிளம்பினார். 1942-ல் இந்தியர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்துத் தலைவரானார். மற்றவர்களும் வாஷிங்டனில் பாடுபட்டார்கள். 1946 ஜூலையில் லூஸ்–செல்லர் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர் குடியேறலாம், ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை பெறலாம். 1949 டிசம்பரில் சௌந்த் அமெரிக்கக் குடிமகனானார். வந்து இருபத்தொன்பது வருஷம்! என் வகுப்புத் தோழன் ஒருவன் கிரீன் கார்டுக்காகப் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறான். அவன் போனில் புலம்பும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

கேளுங்கள், இன்னும் முடியவில்லை. 1950 நவம்பரில் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரின் நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். பதவி தரவில்லை. தேர்தலன்று அவர் குடிமகனாகி ஒரு வருஷம் ஆகவில்லையாம். குறைந்தது ஐந்தாறு வாரம்! பேசாமல் இருந்தார். 1952-ல் மறுபடி நின்றார், மறுபடி ஜெயித்தார். ஊரில் நடந்த சூதாட்டத்துக்கும் முடிவு கட்டினார்.

1956-ல் காங்கிரஸ் தேர்தல். தொகுதியோ குடியரசுக் கட்சியின் கோட்டை. இவர் ஜனநாயகக் கட்சி. எதிர்த்து நின்றவர் ஜாக்குலின் காக்ரன். ஒலி வேகத்தைத் தாண்டி விமானம் ஓட்டிய முதல் பெண்மணி, கணவர் பெரும் பணக்காரர். சௌந்த் குடும்பத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி, குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். அமெரிக்கக் காங்கிரஸில் வாக்குரிமையுடன் அமர்ந்த முதல் ஆசியர் அவர்தான். முதல் வருஷமே வெளியுறவுக் குழுவில் இடம். 1957-ல் இந்தியா வந்து நம் நாடாளுமன்றத்தில் பேசினார். முப்பத்தேழு வருஷம் கழித்துப் பிறந்த கிராமத்தையும் பார்த்தார்.

மொத்தம் ஆறு வருஷம்தான் பதவி. 1962 மே மாதம் விமானப் பயணத்தில் பக்கவாதம் தாக்கிப் பேச்சு போச்சு. பேசிப் பேசியே ஜெயித்த மனுஷன்! அந்த நவம்பரில் படுக்கையிலிருந்தபடியே தேர்தலில் நின்று தோற்றார். 1973 ஏப்ரலில் காலமானார். அவருக்குப் பிறகு 2004-ல் பாபி ஜிந்தால் ஜெயிக்கும்வரை இந்திய வம்சத்தார் யாரும் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகவில்லை.

கலிபோர்னியாவில் தெமெக்குலா என்ற ஊரின் தபால் நிலையத்துக்கு 2005-ல் அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பக்கம் வேலையிலிருக்கும் நம் பேட்ச்காரர்கள் யாராவது போனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த மலரில் போடலாம்.