சாக்கெட் வாத்தியார்

நெட்வொர்க்ஸ் லேப்ல சாக்கெட் புரோகிராம் அடிச்சு, அவுட்புட்டை ரெக்கார்டு நோட்ல ஒட்டி, கையெழுத்தும் வாங்கியிருப்பீங்க. அந்த சாக்கெட்டை ஊருக்கெல்லாம் கத்துக்கொடுத்த ஒரு வாத்தியார் இருந்தார். பேர் டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ்.

1951-ல், இன்றைய ஜாம்பியாவில் லுவான்ஷ்யா என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் தாமிரத் தொழிலில் வேலை. அதனால் குடும்பம் நாடு நாடாக மாறியது. 1973-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய பட்டம் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங். ஆமாங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை! பகுதிநேரமா விமானம் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். 1975-ல் டூசான் போனவர், கிட் பீக் வானாய்வகத்தில் புரோகிராமர் ஆனார். 1982-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

1983-ல் பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்போடு சாக்கெட் பரவியது. அதை வச்சு எப்படி எழுதறதுன்னு படிப்படியா காட்டிய அவரோட 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' 1990-ல் வந்தது. 1994-ல் வந்த 'டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்' முதல் பாகத்தில் விதியை மட்டும் சொல்லி விடவில்லை. நிஜ நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டைப் பிடித்து, அப்படியே அச்சிட்டுக் காட்டினார்.

இதெல்லாம் எனக்கு எப்ப உறைச்சது தெரியுமா? தல்லாகுளத்தில் ரூம் எடுத்து ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்றோம். சென்சார் போர்டை லேப்டாப்பில் செருகினா, டிரைவர் அதை ஒரு டிவைஸ் ஃபைலாக் கொடுக்கும். ஒரு புரோகிராம் படிச்சா சரி. நானும் ரூம்மேட்டும் ஆளுக்கொரு புரோகிராமை ஒரே நேரத்தில் ஓட்டினோம். பாதி பைட் அவனுக்கு, மீதி எனக்கு, ரெண்டும் குப்பை. ரிவ்யூவுக்கு மூணே நாள்.

ஸ்டீவன்ஸ் புத்தகத்தில் செலக்ட் பத்தின அத்தியாயம்தான் காப்பாத்துச்சு. யூனிக்ஸில் டிவைஸும் சாக்கெட்டும் ஃபைல் டிஸ்கிரிப்டர்தான். அதனால ஒரே ஒரு புரோகிராம் மட்டும் டிவைஸைப் படிக்கணும். வர்ற கனெக்‌ஷன்களையும் அதே செலக்ட் கவனிச்சுக்கும். ரீடிங் வந்ததும் எல்லா சாக்கெட்டுக்கும் ஒரு காப்பி. டிரைவரில் ஒரு வரிகூடத் தொடலை. போனிலும் ரீடிங் தெரிஞ்சது.

அந்த முதல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை மூன்று பாகமாகத் திட்டமிட்டிருந்தார் ஸ்டீவன்ஸ். இரண்டு வந்தன. 1999 செப்டம்பர் 1-ல், 48 வயதில் இறந்துவிட்டார். மூன்றாவது வரவே இல்லை. வந்தவற்றில் முதல் பாகத்தை மற்றவர்கள் திருத்திப் புதுப்பித்தார்கள், இன்னும் படிக்கிறோம்.

அடுத்த லேப்ல ரெக்கார்டு எழுதறதுக்கு முன்னாடி, டிசிபிடம்ப்பை ஒரு தடவை ஓட்டி உங்க பாக்கெட்டை நீங்களே பாருங்க. அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.