பயிற்றுநர் ரகீம்

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய சையத் அப்துல் ரகீம், 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்தார். பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் உடனுக்குடன் தோழருக்கு வழங்க வீரர்களைப் பழக்கினார். வலக்கால் வீரரை இடக்காலாலும் ஆடச் செய்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவ்வணி நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை அழைத்துச் சென்றபோது ரகீமைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. தொடக்க ஆட்டமொன்றில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையலிட வேண்டியதாயிற்று. அவரை விலக்கி வைத்திருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார். ரகீமோ அவரைத் தாக்குதல் வரிசைக்கு மாற்றினார். துணிச்சலான முடிவுதான். பார்வையாளர் பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராக முழங்கிய இறுதி ஆட்டத்தில் தென்கொரியா 2-1 எனத் தோற்றது. இந்தியாவின் இரண்டாம் கோலை அடித்தவர் ஜர்னைல் சிங். அடுத்த ஆண்டு சூன் திங்களில் ரகீம் மறைந்தார்.