நாள்களுக்குப் பெயர் சூட்டிய திப்பு சுல்தான்

நாடுகளை வென்ற மன்னர்கள் வரலாற்றில் பலர். மாதங்களையும் ஆண்டுகளையும் தம் சிந்தனைக்கேற்ப வகுக்க முனைந்தோர் மிகச் சிலரே. பாரசீகத்தில் உமர் கையாம் முதலிய அறிஞர்கள் 1079இல் ஜலாலி நாட்காட்டியை உருவாக்கினர். பேரரசர் அக்பர் 1584இல் இலாஹி ஆண்டை நிறுவினார். அவ்வரிசையில் தென்னகம் தந்தவர் மைசூர் வேந்தர் திப்பு சுல்தான். அவருடைய வாளைப் புகழ்வோர் பலர். அவருடைய நாட்காட்டியை அறிந்தோர் அரியர்.

பிறப்பும் போர்க்களமும்

திப்பு 1750இல் தேவனஹள்ளியில் ஹைதர் அலிக்கும் பாத்திமா பக்ருன்னிஸாவுக்கும் மகனாகப் பிறந்தார். ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. ஆகவே அவருடைய பெயரிலேயே தமிழ் மண்ணின் தொடர்பு உண்டு.

அத்தொடர்பு போர்க்களத்திலும் வலுப்பெற்றது. இன்று ஆலைகளின் ஷிப்டு மணியோசைக்கு இயங்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஊர் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் அங்கே கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை ஹைதராலும் திப்புவாலும் முற்றிலும் முறியடிக்கப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சிறைப்பட்டார்.

1782 டிசம்பரில் சித்தூருக்கருகில் பாசறையிலேயே ஹைதர் மறைந்தார். மேற்குக் கடற்கரையில் போரிட்டுக்கொண்டிருந்த திப்பு விரைந்து வந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1784இல் மங்களூர் உடன்படிக்கையால் போர் ஓய்ந்தது. கிடைத்த அமைதியில் அவர் நாணயம், அளவை, வரி, பட்டு வளர்ப்பு என ஒவ்வொன்றிலும் சீர்திருத்தம் கண்டார். காலக்கணக்கும் அவற்றுள் ஒன்று.

இரு கணக்குகளின் இணைப்பு

ஹிஜ்ரி ஆண்டு பிறைவழிப்பட்டது. ஏறத்தாழ 354 நாள்கள் கொண்டது. பருவ ஆண்டினும் 11 நாள்கள் குறைந்தது. நோன்பும் பெருநாளும் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வர அதுவே காரணம். ஆனால் உழவனின் அறுவடை பருவத்தை விட்டு நகர்வதில்லை. பிறைக்கணக்கில் நிலவரி கேட்டால், கதிர் முற்றுமுன்னே வரிநாள் வந்துவிடும்.

இதனை உணர்ந்த திப்பு, மைசூர் மக்கள் வழங்கிவந்த சாந்திர–சௌரக் கணக்கை அடித்தளமாகக் கொண்டார். சைத்திரத்தில் ஆண்டுத் தொடக்கம், பருவத்தோடு இசைய இடையிடையே ஓர் அதிக மாதம், அறுபது ஆண்டுச் சுழற்சி ஆகிய அனைத்தையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் புதிதாக அமைத்தார். அகமதி, பஹாரி, ஜாஃபரி, தாராயி, ஹாஷிமி என மாதங்கள் தொடர்ந்தன.

பெயர்களை அமைத்த முறை சுவைமிக்கது. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு தரும் அப்ஜத் முறையை நாம் அறிவோம். பிஸ்மில்லாவின் மதிப்பு 786 என நம் வீட்டுப் பெரியோர் சொல்வது அம்முறையால்தான். அலிஃப் 1, பே 2, ஜீம் 3 என்பதால் அகமதி முதல் மாதம், பஹாரி இரண்டாவது, ஜாஃபரி மூன்றாவது. ஆண்டுப் பெயர்களிலும் இக்கணக்கு உண்டு. அஸல் என்னும் பெயரில் அலிஃப் 1, ஸாய் 7, லாம் 30, கூட்டினால் 38. நம் அறுபது ஆண்டு வரிசையில் 38ஆவது குரோதி. 1784இல் தொடங்கிய குரோதி ஆண்டே திப்புவின் அஸல் ஆண்டு.

1787இல் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அப்போது ஹிஜ்ரி 1201 நடந்துகொண்டிருந்தது. திப்புவோ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பை முதலாகக் கொண்ட மௌலூதிக் கணக்கை ஏற்று 1215 என நாணயத்தில் பொறித்தார். எண்களும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. மாதப் பெயர்கள் அப்ஜத் முறையை விட்டு அரபு நெடுங்கணக்கு வரிசைக்கு மாறின. அதனால் மூன்றாம் மாதமாயிருந்த ஜாஃபரி ஐந்தாம் மாதமாயிற்று; எட்டாம் மாதமாயிருந்த ஹைதரி ஆறாம் மாதமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் இரு மாற்றங்களைக் கண்ட கணக்கர்களின் இடர்ப்பாட்டை நாம் எண்ணிப்பார்க்கலாம்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். மாதங்களை முன்பின்னாக்குவதைத் திருக்குர்ஆன் விலக்கியிருக்க, அதிக மாதம் சேர்க்கலாமா? விலக்கப்பட்டது புனித மாதங்களை இடம் மாற்றும் வழக்கம். திப்பு வகுத்ததோ அரசாங்கக் கணக்கு. ரமலானும் ஹஜ்ஜும் பிறையைப் பார்த்தே அமையும். வரியும் ஊதியமும் பருவத்தைப் பார்த்து அமையலாம். வணக்கத்துக்கு ஒரு கணக்கும் வாழ்க்கைக்கு ஒரு கணக்கும் ஒருசேர வழங்குவது இன்றும் நம் இல்லங்களில் காணும் நிலையே.

முடிவும் படிப்பினையும்

1792இல் தோல்வியுற்ற திப்பு பாதி நாட்டை இழந்தார். இரு மைந்தரைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்பினார். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் போரிட்டு வீழ்ந்தார். அவருடன் மௌலூதி ஆண்டும் மறைந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் கால்பங்கைக்கூட அது காணவில்லை. அவருடைய கடிதங்களை 1811இல் மொழிபெயர்த்து வெளியிட்ட கர்க்பாட்ரிக், தேதிகளை விளங்கவைக்க அந்நாட்காட்டியையே தனியே விளக்க வேண்டியதாயிற்று.

குடகிலும் மலபாரிலும் அவர் நடத்திய படையெடுப்புகளின் கடுமையைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அதனை மறைப்பது வரலாறாகாது. அவரை அயலாராகவே காட்டுவதும் வரலாறாகாது. அவர் தம் ஆண்டுக் கணக்குக்கு அடித்தளமாகக் கொண்டது இம்மண்ணின் கணக்கையே அன்றோ!

அக்பர் காலத்தில் தோன்றிய பசலி ஆண்டு இன்றும் நம் வருவாய்த்துறையில் ஜூலை முதல் நாள் பிறக்கிறது. அது பல ஆட்சிகளைக் கடந்து, ஊர்க் கணக்கில் ஊறி நிலைத்தது. திப்புவின் கணக்கு நுண்ணறிவில் குறைந்ததன்று. அரசாணையை மட்டும் நம்பி நின்றதால் அரசோடு சாய்ந்தது. புதுமை காண விழையும் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும். அறிஞன் ஒன்றைப் படைக்கலாம். அதற்கு ஆயுள் தருவது மக்களின் வழக்கே.