முப்பத்தெட்டுத் தோல்விகள்

வென்றவர் வரலாற்றைத்தான் உலகம் விரும்பிப் படிக்கிறது. வென்றவர் பெயர் கல்லில் ஏறுகிறது. எதிரே நின்று ஆடியவர் பெயர் காற்றோடு போகிறது. ஆனால், எதிரே நிற்க ஒருவர் இல்லையென்றால் வெற்றி ஏது? இந்தக் கேள்வி நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்து வந்தது. அதற்கு விடையாக நான் கண்ட ஒரு வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அது அமெரிக்க நாட்டு டென்னிஸ் வீராங்கனை மேரி பிரௌன் அம்மையாரின் வாழ்க்கை. கலிபோர்னியாவில் 1891-ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். 1912, 1913, 1914 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்ற மூன்று பட்டங்களையும் ஒருசேர வென்றார். மூன்று ஆண்டில் ஒன்பது பட்டங்கள்! டென்னிஸோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. 1924-இல் அமெரிக்கப் பெண்களின் கால்ஃப் போட்டியில், அந்நாளில் புகழுடன் விளங்கிய கிளென்னா காலெட்டை அரையிறுதியில் வீழ்த்தி, இறுதியாட்டம் வரை சென்றார்.

ஆனால் பட்டம் பசியாற்றுமா? அக்காலத்தில் பெரும் போட்டிகளில் ஆடியவர்கள் எல்லாரும் அமெச்சூர்கள். பணம் வாங்கி ஆடுவது இழிவு என்பது மரபு. சீட்டு வாங்கி மக்கள் வருவார்கள். பணம் போட்டி நடத்துவோருக்குப் போகும். ஆடியவருக்குக் கோப்பையும் கைதட்டலும் மிஞ்சும். வீட்டில் செல்வம் உள்ளவருக்கு இந்த மரபு பொருந்தும். உழைத்து உண்பவருக்கு எப்படிப் பொருந்தும் என்று மரபு வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1926-ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த சி. சி. பைல் என்ற ஏற்பாட்டாளர் இந்த மரபை உடைத்தார். விம்பிள்டனில் ஆறு முறை ஒற்றையர் பட்டம் வென்ற பிரெஞ்சு நங்கை சூசான் லாங்லென்னை 50,000 டாலர் தந்து தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்து வந்தார். ஊர் ஊராகச் சென்று ஆட வேண்டும். எதிரே ஆட ஒரு பெண் வேண்டுமே? அந்த இடத்துக்கு வந்தவர்தான் மேரி பிரௌன். ஊதியம் 30,000 டாலர்.

அம்மையாருக்கு அப்போது வயது 35, லாங்லென்னுக்கு 27. அதே ஆண்டு பிரெஞ்சுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இருவரும் மோதியபோது, 6–1, 6–0 என்று லாங்லென் வென்றிருந்தார். இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் கணக்கு வேறாக இருந்தது. அவ்வாண்டு விம்பிள்டனில் எலிசபெத் ரயனோடு சேர்ந்து பிரௌன் அம்மையார் லாங்லென்னின் இணையைத் தோற்கடித்தார், பட்டத்தையும் வென்றார். ஆயினும் தனித்து நின்று ஆடினால் முடிவு என்னவாகும் என்பது அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தேதான் கையெழுத்திட்டார்.

முதல் ஆட்டம் 1926 அக்டோபர் 9-ஆம் நாள் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்தது. பல்லாயிரவர் திரண்டனர். 6–1, 6–1 என்று பிரௌன் தோற்றார். அடுத்த ஊரிலும் தோல்வி. அதற்கடுத்த ஊரிலும் தோல்வி. அமெரிக்க நகரங்கள், கனடா நகரங்கள் என்று நான்கு மாதப் பயணம். 1927 பிப்ரவரியில் பயணம் முடிந்தபோது எண்ணிப் பார்த்தார்கள்: 38 ஆட்டங்கள், 38 தோல்விகள்!

இதைப் படித்தபோது எனக்கு நம் புறநானூறுதான் நினைவுக்கு வந்தது. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்றுப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேர மன்னன். வென்றவனைவிட அவனே உயர்ந்தவன் என்று பாட வெண்ணிக்குயத்தியாருக்குத் துணிவு இருந்தது. தோற்றவருக்கும் பெருமை உண்டு என்பது நாம் அறியாத செய்தி அன்று. ஆனால் சேரன் உயிரை விட்டான். இந்த அம்மையாரோ மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குச் சென்றார். ஒரு முறை தோற்று மானத்துக்காக மாய்வது அரிதுதான். தோல்வி காத்திருக்கும் களத்துக்கு முப்பத்தெட்டு முறை நடந்து செல்வது அதனினும் அரிது என்பேன்.

அவர் பணத்துக்காகத் தோற்றார் என்று சிலர் நகைக்கலாம். அவர் தோற்பதற்கு ஊதியம் பெறவில்லை, ஆடுவதற்கே பெற்றார். சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு ஓர் ஆட்டத்தைத் தர வேண்டியது அவர் பொறுப்பு. லாங்லென்னின் கலையை அத்தனை ஊர் மக்களும் கண்டார்கள் என்றால், அந்தப் பந்துகளைத் திருப்பி அனுப்பிய கை ஒன்று எதிர்ப்புறத்தில் இருந்ததால்தானே?

அதற்கு அவர் தந்த விலையும் பெரிது. பணம் வாங்கி ஆடியவருக்குப் பெரும் போட்டிகளின் கதவு அடைபட்டது. மகளிர் பயணமும் தொடரவில்லை. பிரௌன் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. ஒஹாயோ மாநிலத்து லேக் ஈரி கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்று, மாணவியருக்கு விளையாட்டுக் கற்பித்தார். டென்னிஸ் பற்றி நூல்கள் எழுதினார். 1957-இல் அமெரிக்க டென்னிஸ் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

1968-இல் பெரும் போட்டிகளின் கதவுகள் தொழில்முறை ஆட்டக்காரருக்குத் திறந்தன. 1970-இல் ஒன்பது பெண்கள் ஆளுக்கொரு டாலருக்கு ஒப்பந்தமிட்டுத் தங்களுக்கெனத் தனிச் சுற்று கண்டனர். அவர்களில் ஒருவரான பில்லி ஜீன் கிங், 1971-இல் ஒரே ஆண்டில் 1,00,000 டாலருக்கு மேல் ஈட்டினார். அதே 1971 ஆகஸ்டில் மேரி பிரௌன் மறைந்தார். தாம் முதலில் நடந்த தடம் பாதையாவதைக் கண்ட பிறகே கண்மூடினார்.

இன்றும் உலகெங்கும் தரவரிசையின் அடியில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஊர் ஊராகச் சென்று ஆடுகிறார்கள். முதல் சுற்றிலேயே தோற்று, அடுத்த ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குகிறார்கள். அவர்கள் இல்லாமல் முதலிடம் என்று ஒன்று இல்லை. தேர்வும் போட்டியுமாக நாள் கழிக்கும் மாணவர்களாகிய நாம், பரிசு பெற்றவரைப் பாராட்டுவோம். எதிரே நின்றவரையும் ஒரு முறை திரும்பிப் பார்ப்போம்.