பகடை உருட்டியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பகடை என்றதும் நமக்குச் சகுனியின் நினைவுதான் வரும். நாடும் நகரமும் பறிபோனது அந்தப் பகடையால் அல்லவா! ஆனால் எவருடைய பொருளையும் கவராமல், நாலைந்து நண்பர்கள் வட்டமாக அமர்ந்து கதை வளர்ப்பதற்கென்றே பகடையை உருட்டச் சொன்ன ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் என்பது அவர் பெயர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தைப் படைத்த இருவரில் ஒருவர். கணினியில் ஆடும் நம் நண்பர்கள் 'லெவல் ஏறிவிட்டேன்' என்று குதிக்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் இவர் எழுதிய விதிநூலில்தான் போய் நிற்போம்.

1938 ஜூலை 27ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையார் சுவிட்சர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். சிகாகோ சிம்பனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். 1946இல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதிலேயே சதுரங்கத்திலும் சீட்டிலும், மாயக்கதைப் புத்தகங்களிலும் மூழ்கிய பிள்ளை பள்ளிப் பாடத்தில் மூழ்கவில்லை. தந்தை இறந்த பிறகு படிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பின்னர் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது, திருமணமும் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் பொம்மைப் படைவீரர்களை மேசைமேல் நிறுத்திப் போர் நடத்துவதிலேயே கழிந்தது. 1968இல் தம்மைப் போன்றவர்களை லேக் ஜெனீவாவுக்கு அழைத்து ஒரு கூட்டம் நடத்தினார். 'ஜென் கான்' என்ற அந்தக் கூட்டம் இன்று பல்லாயிரவர் திரளும் ஆண்டு விழாவாகிவிட்டது.

1970இல் வேலை போயிற்று. வீட்டில் ஐந்து பிள்ளைகள். அப்போது அவர் கைக்கொண்ட தொழில் எது தெரியுமா? வீட்டிலிருந்தபடியே காலணி செப்பனிடுவது! ஒரு கையில் அறுந்த செருப்பும் மறு கையில் பேனாவுமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான், 1971இல், ஜெஃப் பெரன் என்ற நண்பருடன் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' என்ற போர் விதிநூல் வெளிவந்தது. இடைக்காலப் படைகளுக்கான நூல்தான். ஆனால் அதன் பின்னிணைப்பில் மந்திரவாதியும் டிராகனும் நுழைந்துவிட்டார்கள்.

மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னெசன் அந்த விதிகளைக் கொண்டு வேறொன்று செய்து பார்த்தார். ஒருவருக்கு ஒரு படை என்பதை மாற்றி, ஒருவருக்கு ஓர் ஆள் என்றார். அந்த ஆள் குகைக்குள் போவான், சண்டையிடுவான், அனுபவம் பெறுவான், அடுத்த வாரம் அதே ஆளாகத் திரும்பி வருவான். 1972இல் அவர் லேக் ஜெனீவாவுக்கு வந்து ஆடிக் காட்டியபோது கைகாக்ஸ் சொக்கிப்போனார். ஆர்னெசன் தந்த குறிப்புகளை விரித்து விதிகளாக எழுதினார். எவரும் பதிப்பிக்க முன்வராததால் நண்பர் டான் கேயுடன் தாமே நிறுவனம் தொடங்கினார். 1974இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய ஆயிரம் பெட்டிகள் வெளிவந்தன. பெட்டியின் விலை 10 டாலர். அடுக்கியது வீட்டில், கைகளாலேயே!

இனி நம் கணிதத்துக்கு வருவோம். ஓர் ஆளை உருவாக்க, வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைத்திறன், கவர்ச்சி என்ற ஆறுக்கும் மும்மூன்று பகடை உருட்ட வேண்டும். 18 விழ 216இல் ஒரு வாய்ப்புதான். கையிருப்புப் பணமும் பகடைதான். ஆனால் ஆளின் முன்கதை? அதற்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஆடத் தொடங்கிய பிறகு அவன் செய்வதே அவன் கதை. 1979இல் வந்த நடுவர் கையேட்டில் மட்டும் சிறு அட்டவணை ஒன்று உண்டு. பகடை உருட்டினால் ஆள் முன்பு கற்ற தொழில் தெரியும். உழவு, மீன்பிடிப்பு, தச்சு, தோல் வேலை என்று நீளும் பட்டியலில் நெசவும் இருக்கிறது. என் தந்தையார் நெசவாளர். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த சிரிப்பை விடுதி அறை நண்பர்கள் இன்னும் கேலி செய்கிறார்கள்.

இவருடைய மகன் லூக் ஆடிய ஆளின் கதை இன்னும் வேடிக்கை. ஆள் விவரத் தாளில் ஆண் என்பதற்கு 'எம்' என்ற ஆங்கில எழுத்து. இனம் என்ற இடத்தில் 'எல்ஃப்', அதாவது வனதேவர் இனம். பெயர் எழுதவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்து 'மெல்ஃப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! படிவத்தின் இரண்டு கட்டங்களே ஒருவனுக்குப் பெயராயின. அந்தப் பெயரில் ஒரு மந்திரம் இன்றும் விதிநூலில் இருக்கிறது.

எனக்கு அவரோடு வழக்கு வருவது இந்த இனம் என்ற கட்டத்தில்தான். 1974 விதிப்படி மனிதனுக்கு நிலை உயர எல்லை இல்லை. குள்ளர் இனத்தில் பிறந்த வீரன் ஆறாம் நிலையோடு நின்றுவிட வேண்டும். அதனினும் சிறிய ஹாபிட் இனத்தவன் நான்கோடு. எத்தனை டிராகனைக் கொன்றாலும் அவ்வளவுதான். 1978 நூலிலும் எல்லைகள் தொடர்ந்தன. அதே குள்ளன் திருட்டுத் தொழிலுக்குப் போனால் மட்டும் எல்லையே கிடையாது! அந்நூலில் மனிதப் பெண்ணின் வலிமைக்கும் ஆணினும் தாழ்ந்த உச்சம் வைத்திருந்தார். இருட்டில் பார்ப்பது போன்ற சலுகைகள் பிற இனத்தாருக்கு இருப்பதால், மனிதரே மிகுந்த உலகம் அமைய ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். பள்ளியை முடிக்காமல், செருப்புச் செப்பனிட்டு, அதற்குப் பிறகு மேலேறிய மனிதரின் கை இதை எப்படி எழுதியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆறாம் நிலையோடு நில் என்ற வரியை வெறும் ஆட்டவிதியாக என்னால் படிக்க முடியவில்லை.

புகழும் செல்வமும் வந்தன, வழக்கும் வந்தது. புதிய நூல்களில் தமக்குரிய பங்கு தரப்படவில்லை என்று ஆர்னெசன் 1979இல் நீதிமன்றம் சென்றார். 1981இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆர்னெசனுக்கு உரிய பெருமையைக் குறைத்தது கைகாக்ஸின் வாழ்வில் ஒரு கறை என்றே கருதுகிறேன். 1985இல் நிறுவனத்தின் ஆட்சி பிறர் கைக்குப் போனது. மறு ஆண்டு, தாம் வளர்த்த வீட்டைவிட்டு வெளியேறினார்.

இனத்துக்கு வைத்த உச்சவரம்புகளை 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு நீக்கியது. அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். ஆனால் கைகாக்ஸ் உயிரோடு இருந்து பார்த்தார். 2014 பதிப்பில் முன்கதையே ஒரு விதியாயிற்று. படைவீரனாக இருந்தவன், குற்றவாளியாக இருந்தவன் என ஒவ்வொருவருக்கும் அதற்கேற்ற திறன்கள். 2024இல், பிறந்த இனத்துக்காகக் கூட்டித் தந்த மதிப்பெண்களையும் முன்கதையின் கணக்கில் மாற்றிவிட்டார்கள். ஆக, பிறப்பிடமிருந்து பிழைப்பிடம் வந்து சேர அந்த விதிநூலுக்கு 50 ஆண்டுகள் ஆயின. சென்ற பருவ விடுமுறைக்கு முன் எங்கள் விடுதியில் நால்வர் ஆடிப் பார்த்தோம். நான் குள்ளனைத்தான் எடுத்தேன். மூன்றாம் நிலையில் சிலந்தி கடித்து இறந்துபோனான். அது பகடையின் குற்றம், விதியின் குற்றமன்று.

2004இல் கைகாக்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகும் லேக் ஜெனீவா வீட்டில் வாரந்தோறும் நண்பர்களைக் கூட்டி ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார்; 2008 ஜனவரி வரையிலும் அது நடந்தது. அவ்வாண்டு மார்ச் 4ஆம் நாள் அதே வீட்டில் காலமானார். வயது 69.